மின்னல் மெதுவாக எழுதக் கற்றது

அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் மின்னல் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் அடித்துத் தருவது அவள் வேலை. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேகம். காதில் ஒரு டாக்டர் யாருடைய நுரையீரலையோ விவரித்துக்கொண்டிருப்பார். அவள் விரல்கள் அதை ஒரு பிழை இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். வாயோ பக்கத்து மேஜைக்காரியிடம் பஸ்ஸில் நடந்த சண்டையை ஆதியோடு அந்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததே இல்லை.

டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மருந்துக் கடைக்காரர்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார்கள். அவள் ஓரக்கண்ணால் பார்த்து, மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்வாள். அந்த மருந்து எதற்கு என்று கேட்டால் மட்டும் தெரியாது. "அதெல்லாம் எனக்கு எதுக்கு? எழுத்து தப்பில்லாம இருந்தாப் போதும்" என்பாள். காதில் விழுந்தது நேராகக் கையில் இறங்கிவிடும். நடுவில் தலை என்று ஒரு நிறுத்தம் இருப்பதும், அங்கே வண்டி நின்று போகலாம் என்பதும் அவளுக்கு இத்தனை வருஷமாகத் தேவைப்படவே இல்லை.

தேவைப்படும் நாள் வந்தது. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தபோதே சிலருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனி டாக்டர் பேசப் பேச அடித்துக் கொடுக்கும் புது மென்பொருள் வருகிறது, ரெக்கார்டு அறையை ஆண்டு முடிவில் மூடப்போகிறோம் என்றார். விருப்பம் உள்ளவர்கள் மாலை வகுப்பில் சேர்ந்து டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பு படிக்கலாம். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மிஷின் வைத்துச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கும் தண்ணீரையும் எடுக்கும் பிரிவு அது. பெரிதாக்கப் போகிறார்கள், ஆள் வேண்டும். நடுவில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. நடுத்தேர்வில் தவறினால் பரவாயில்லை. கடைசித் தேர்வில் தவறினால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம் என்பதை அவர் இன்னும் நாசூக்காகச் சொன்னார்.

அவள் அறையில் மற்றவர்கள் எல்லாரும் வேறு வேலை தேடக் கிளம்பிவிட்டார்கள். மற்ற பிரிவுகளிலிருந்து வந்தவர்களோடு மின்னல் ஒருத்திதான் வகுப்பில் சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு, வேகமாக அடிப்பேன் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு, மிஷினே அடிக்கிற உலகத்தில் எந்தக் கதவைத் தட்டுவது? வீட்டில் சும்மா உட்கார்வதும் அவளால் ஆகாது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "போய் உட்காரு. கேக்குறதை அடிக்கிறதுதானே உன் தொழில்? உனக்கா கஷ்டம்?" என்றார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வகுப்பு எடுத்தவர் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். பெரிய சிஸ்டர் என்பார்கள். குரல் வெண்கலம், பேச்சு அருவி. முதல் நாளே மின்னல் மடிக்கணினியைத் திறந்தாள். சிஸ்டர் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொல்லும் திரையில் ஏறியது. "ஃபேன் ஏன் இப்படிக் கத்துது", "பின்னால யாரு சிரிக்கிறது", எல்லாம் ஏறியது. கேட்டதை விடக் கூடாது என்பது தொழில் தர்மம் அல்லவா! வகுப்பு முடிந்ததும் அப்படியே எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டாள்.

வகுப்பு அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. ஒரு வாரத்தில் ஒருவர் கையிலும் பேனா இல்லை. பணம் கட்டும் கவுண்ட்டரிலிருந்து வந்திருந்த பெண் வகுப்பு நேரத்தில் நிதானமாக நகப்பூச்சு போட்டுக்கொண்டாள். "மின்னலக்கா இருக்கும்போது நமக்கென்ன?" என்பது வகுப்பின் தாரக மந்திரம் ஆயிற்று.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் மட்டும் அடங்கவில்லை. பழைய விபத்து ஒன்றில் அவருக்கு வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. ஓட்டும் வேலையும் போயிற்று. பேனா பிடிக்க முடியாது. இடது ஆள்காட்டி விரலால் போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருப்பார். மின்னலுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"அண்ணே, நீங்க ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள நம்ம படிப்பே முடிஞ்சிடும் போலிருக்கே! நான்தான் முழுசா அனுப்புறேனே, எதுக்கு இந்தப் பாடு?"

"அனுப்பும்மா, அதுவும் இருக்கட்டும். சும்மா உட்கார்ந்தா எனக்குத் தூக்கம் வந்துடுது" என்றார் அவர்.

ஒத்தவிரல் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவள் மின்னல்தான். அவரும் சிரித்துக்கொண்டார்.

நடுத்தேர்வு வந்தது. முதல் கேள்வி இதுதான்: மிஷினில் இருக்கும் நோயாளி திடீரென்று கொட்டாவி விடுகிறார், வியர்க்கிறது, தலை சுற்றுகிறது என்கிறார், முதலில் என்ன செய்வீர்கள், ஏன்? மின்னலுக்குக் கேள்வியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இதை அடித்திருக்கிறோமே! பக்கத்தின் மேல்பகுதியில் வந்தது. "கொட்டாவி" என்று அடிக்கும்போது ஒரு துணைக்காலை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்த் திருத்தியதுகூட ஞாபகம் இருந்தது. விடை மட்டும் இல்லை. தலைக்குள் தேடினால் காலி வீட்டில் கூப்பிட்டதுபோல அவள் குரலே திரும்பி வந்தது. தான் கையால் அடித்த விஷயம் தனக்கே தெரியாமல் போகுமா?

மறுவாரம் பெரிய சிஸ்டர் விடைத்தாள் கட்டை மேஜையில் போட்ட சத்தத்திலேயே சேதி தெரிந்துவிட்டது. வகுப்பே கோட்டை விட்டிருந்தது. சிஸ்டர் ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாய்விட்டுப் படித்தார்.

"'நோயாளியின் காலை உயர்த்த வேண்டும், அந்த ஜன்னலைச் சாத்துங்க, வெயில் அடிக்குது, அதன் பிறகு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.' யாரும்மா இது? மயக்கம் போட்டுக் கிடக்கிறவனை விட்டுட்டு எந்த ஜன்னலைச் சாத்தப் போறே?"

கவுண்ட்டர் பெண் தலை குனிந்தாள். பாவம், அவள் ராப்பகலாக உருப்போட்டவள். மின்னல் அனுப்பியதை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள், சிஸ்டரின் ஜன்னலையும் சேர்த்து. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களும் தேறவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்களுக்கு உறைத்தது. தேறியது ஒரே ஆள், விடையை வாயால் சொல்லி இன்னொருவரை வைத்து எழுதிய ஒத்தவிரல்.

மின்னலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தோற்றதைவிட, அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு தோற்றது அவளைத் தின்றது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்து அழுதாள். கணவர் என்னவென்று கேட்க, ஜன்னல் கதையைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க! கடைசிப் பரீட்சையிலயும் இதே கதைதான். அப்புறம் நான் வீட்டுலதான் உட்காரணும், அப்போ இன்னும் நல்லா சிரிக்கலாம்" என்று அவள் எகிறியதும் மனிதர் வாயை மூடிக்கொண்டு காபி போடப் போனார்.

அடுத்த வகுப்புக்கு முன்னால் அவள் கௌரவத்தையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு டிரைவரிடம் போனாள். "அண்ணே, என்ன பண்ணீங்க, சொல்லுங்க."

அவர் போனை நீட்டினார். ஒரு வகுப்பு முழுவதும் அவர் குத்தியது ஒரு கையளவுத் திரைக்குள் அடங்கியிருந்தது. 'தண்ணி வேகமா எடுத்தா ரத்தக்குழாய் காலி. தலை சுத்தும். எடுக்கிறதை நிறுத்து. காலைத் தூக்கு. அப்புறம் சலைன் ஏத்து.' அவ்வளவுதான்.

"இதுக்கு மேல என்னால அடிக்க முடியாதும்மா. அதனால சிஸ்டர் சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். இதுல எதை மறந்தா ஆளு செத்துப்போவான்னு யோசிச்சு, அதை மட்டும் குத்துவேன்."

மின்னல் தன் மடிக்கணினியைத் திறந்து அதே வகுப்பைத் தேடினாள். தன் பதிவில் அந்த வகுப்பு முடிவில்லாமல் நீண்டு கிடந்தது. அதில் யோசித்து வைத்தது என்று ஒரு சொல்கூட இல்லை. ஒத்தவிரல் என்று பெயர் வைத்ததற்காக அவளுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னாள். "விடும்மா, விரல் ஒண்ணுதானே, நீ சொன்னது பொய்யா?" என்று அவர் கேட்டார்.

அவரைப் போலவே செய்து பார்க்கலாம் என்று அவளும் ஒற்றை விரலால் அடித்துப் பார்த்தாள். சிஸ்டர் பேச ஆரம்பித்ததும் மற்ற விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பத்தும் மேய்ந்துவிட்டன. திரையில் மறுபடி ஒரு பக்கம். சுருக்கமாக அடிப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் இதே கதி. இத்தனை வருஷம் பழக்கிய விரல்களை ஒரே வாரத்தில் அடக்க முடியுமா? கடைசியில் மடிக்கணினியைப் பைக்குள் போட்டு, கடையில் ஒரு சாதாரண பேனாவும் தாளும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கையெழுத்துப் போடுவதையும் அந்த நடுத்தேர்வையும் தவிர அவள் பேனாவைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தது. விளைவு, கோழி கிறுக்கல். ஊரில் உள்ள டாக்டர்கள் எழுத்தையெல்லாம் படித்தவளுக்குத் தன் எழுத்து விளங்கவில்லை. பேனாவை நெரித்துப் பிடித்ததில் விரலில் குழி விழுந்தது. ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் சிஸ்டர் எங்கேயோ போயிருப்பார். ஒரு சொல் தவறினாலும் வேலை போய்விடும் என்று பயந்தே பிழைத்தவள் அவள். இப்போது வாக்கியம் வாக்கியமாகத் தவறிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு வகுப்பு வேறு அவள்மேல் பாய்ந்தது.

"அக்கா, நோட்ஸ் எங்க? ரெண்டு நாளா ஒண்ணுமே வரலையே" என்றாள் கவுண்ட்டர் பெண்.

"நான் இப்போ அடிக்கிறதில்லம்மா."

"அதெப்படி? உங்களை நம்பித்தானே இருக்கோம். நீங்க பாஸாகணும்னு எங்களைக் கைவிடுறீங்களா?"

அந்தக் கேள்வி மின்னலுக்குச் சுருக்கென்றது. பையைத் திறந்து மடிக்கணினியை வெளியே எடுத்துவிட்டாள். எத்தனை பேருக்கு வேண்டியவளாக இருந்தோம், அதைப் போக்கிக்கொள்கிறோமே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அதைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் அனுப்பினதைப் படிச்சுத்தான் நீ ஜன்னலைச் சாத்தினே. மறுபடியும் அதே பாவத்தைப் பண்ணச் சொல்றியா?" வேண்டுமானால் சிஸ்டர் பேச்சைப் போனில் பதிவு செய்து அனுப்புகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அனுப்பவும் செய்தாள். அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இரண்டு மூன்று வாரம் நரகம்தான். பிறகு எப்போது என்று அவளுக்கே தெரியாமல் ஒரு மாற்றம் வந்தது. எல்லாவற்றையும் எழுத முடியாது என்று கை அடம்பிடித்ததால், எதை எழுதுவது என்று தலை முடிவு செய்யவேண்டி வந்தது. முடிவு செய்ய, முதலில் புரியவேண்டும். புரியாதபோது பேனா தானாக நின்றது. அது நின்ற இடத்தில் அவள் ஒரு கேள்விக்குறி போட்டாள். டைப் அடிக்கும்போது அவள் கை எதற்காகவும் நின்றது கிடையாது.

வகுப்பில் சொன்னதை மறுநாள் காலை காபி குடிக்கும்போது பார்க்காமல் வரைந்து பார்க்கும் பழக்கமும் வந்தது. கையிலிருந்து ரத்தம் வெளியே வரும் குழாய், அதைத் தள்ளும் பம்ப், நுண்ணிய இழைகள் நிறைந்த வடிகட்டி, திரும்பிப் போகும் குழாய், வடிகட்டியில் இழைகளுக்கு வெளியே ஓடும் சுத்தம் செய்யும் தண்ணீர். கணவர் தோள்வழியாக எட்டிப் பார்த்தார். இயந்திரம் என்றால் அந்த மனிதருக்குக் கை நமைச்சல் எடுக்கும்.

"இங்க ரத்தம் இப்படிப் போகுது. அந்தப் பக்கம் சுத்தம் பண்ற தண்ணி ஏன் எதிர்த்திசையில வருது? ரெண்டும் ஒரே பக்கமாப் போனா என்ன கெட்டுப்போச்சு?"

படத்தில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அன்று மாலை வகுப்பில் அவள் கையைத் தூக்கினாள். பேசுகிறவரை நடுவில் நிறுத்துவது டைப்பிஸ்ட்டின் வழக்கம் இல்லை. கை தூக்கியபோது ஏதோ குற்றம் செய்வதுபோலத்தான் இருந்தது. பெரிய சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அடடே, மின்னலுக்குச் சந்தேகம் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, போர்டில் வரைந்து விளக்கினார். ஒரே திசையில் போனால் கொஞ்ச தூரத்திலேயே இரண்டும் சமமாகிவிடும், அப்புறம் அழுக்கு நகராது; எதிரெதிராகப் போனால் ரத்தம் கடைசிவரை தன்னைவிடச் சுத்தமான தண்ணீரையே சந்திக்கும். மின்னல் அதை எழுதவில்லை. எழுத மறந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கணவருக்குச் சொன்னபோது ஒரு சொல் சிந்தாமல் வந்தது, அதுவும் அவளுடைய சொல்லாகவே வந்தது. அன்று அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பேனாதான் உசத்தி என்று அவள் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை. பகலெல்லாம் ரெக்கார்டு அறையில் அதே பழைய வேகத்தில் பத்து விரலாலும் அடித்துத் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். டிரைவர் போனிலேயே குத்தித் தன் பாட்டுக்கு முன்னேறினார். கவுண்ட்டர் பெண்கூடக் கோபம் ஆறி, மடிக்கணினியில் கேள்வியும் பதிலுமாகத் தானே அடித்துவைக்க ஆரம்பித்தாள். மின்னலுக்கு நின்று யோசிக்க ஒரு வழி தேவைப்பட்டது. அது பேனாவில் கிடைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

கடைசித் தேர்வு. எழுத்துத் தேர்வை ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டாள். பயமெல்லாம் செய்முறைத் தேர்வில்தான். வெளியிலிருந்து சிறுநீரக டாக்டர் ஒருவர் வந்திருந்தார். மிஷின் பக்கத்து நாற்காலியில் உண்மையான நோயாளி. தொழிலால் தையல்காரர், வெகு நாளாக இங்கே வந்து போகிறவர். குழாய்களை மாட்டச் சொன்னார்கள், மாட்டினாள். அலாரம் அடித்தது, எந்தக் கிளிப்பைத் திறக்கவில்லை என்று கண்டுபிடித்தாள். கடைசியாக டாக்டர் நோயாளியைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா? இவங்ககிட்ட கேளுங்க" என்றார். இதற்கும் மதிப்பெண் உண்டு.

தையல்காரர் காத்திருந்ததுபோலக் கேட்டார். "தண்ணி குடிக்காதே, குடிக்காதேன்னு எல்லாரும் திட்டுறாங்க. நான் எவ்வளவு குடிச்சாலும் இந்த மிஷின்தான் எடுத்துடுதே, அப்புறம் என்னம்மா?"

மின்னலுக்குத் திக்கென்றது. இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. சிஸ்டர் இதற்கென்று ஒரு வாக்கியம் சொன்னதாக ஞாபகமும் இல்லை. ஒரு வருஷ உழைப்பு, வேலை, எல்லாம் இந்த மனிதரின் ஒரு கேள்வியில் வந்து தொங்கியது. ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கினாள். அவர் நாற்காலிப் பக்கத்தில் குனிந்து ஒரு கையை வரைந்தாள், கைக்குள் ஒரு குழாய் வரைந்தாள், குழாயைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்தாள்.

"இந்தக் குழாய்தான் ரத்தம். மிஷின் இதுல இருக்கிற தண்ணியைத்தான் எடுக்கும். ஆனா நீங்க குடிச்சது இங்க மட்டுமா இருக்கு? இதோ, சதைக்குள்ள எல்லாம் ஊறிப்போயிருக்கு. அது சொட்டுச் சொட்டாத்தான் குழாய்க்குள்ள திரும்பி வரும். நிறைய குடிச்சுட்டு வந்தீங்கன்னா, அத்தனையும் எடுக்கணுமேன்னு நாங்க மிஷினை வேகமா ஓட்டணும். மிஷினுக்கு அவசரம், உடம்புக்கு நிதானம். சதையிலிருந்து வர்றதுக்குள்ள குழாய் வத்திப்போயிடும். அப்பத்தான் உங்களுக்குத் தலை சுத்துது, காலு இழுக்குது. கம்மியாக் குடிச்சுட்டு வந்தா மிஷினும் உங்க உடம்பு வேகத்துக்கே போகும்."

தையல்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "வீட்டுக்குப் போனதும் அப்படியே சாஞ்சிடுறேனே, அது இதனாலதானா? இத்தனை நாள் யாரும் சொல்லலையே" என்றார்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மிஷினுக்கு அவசரம், உடம்புக்கு நிதானம்னு சொன்னீங்களே, எந்தப் புத்தகத்துல இருக்கு அது?"

யார் சொன்னது என்று மின்னல் தலைக்குள் தேடினாள். சிஸ்டர் இல்லை. புத்தகம் இல்லை. கணவரும் இல்லை. மதிப்பெண் போயிற்று என்றே நினைத்துக்கொண்டாள்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்லை டாக்டர். நான்தான் சொன்னேன்."

டாக்டர் மதிப்பெண் தாளில் எண்ணைப் போட்டு, அவள் கண்ணில் படும்படி திருப்பி வைத்தார். தேறிவிட்டாள். அது புரிந்து கண் கலங்குவதற்குள் அவர் சட்டைப்பையில் துழாவி ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.

"அந்த விளக்கத்தை முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க. என் நோயாளிங்ககிட்ட சொல்லணும், எழுதிக்கிறேன்."

டாக்டர் வேகமாக எழுதுகிறவர் அல்ல. அவர் கை வந்து சேரும்வரை காத்திருந்து, மின்னல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.